ஹங்கேரிய வெள்ளை ஒயின்: எந்தத் தட்டுக்கு எந்தப் புட்டி?

புடாபெஸ்ட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஒயின் பட்டியலில் வெள்ளைக்கென்றே தனியாக ஒரு பக்கம் வரும். ஃபுர்மின்ட், ஹார்ஷ்லெவெலூ, ஒலாஸ்ரிஸ்லிங், யுஹ்ஃபார்க், இர்ஷாய் ஒலிவேர் என்று வாயில் நுழையாத திராட்சைப் பெயர்கள். நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் கோழி பாப்ரிகாஷ் என்ற குழம்பைச் சொல்லிவிட்டார், ஒருவர் மீன் சூப், ஒருவர் பொரித்த பாலாடைக்கட்டி, இன்னொருவர் இறைச்சி அடைத்த முட்டைக்கோஸ். வாங்கப் போவது ஒரே ஒரு புட்டி. எதை வாங்குவது?

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற பழைய வாய்ப்பாடு இங்கே பாதி தூரம்தான் வரும். ஹங்கேரியச் சமையலில் தட்டில் கிடப்பது கோழியா மீனா என்று பார்ப்பதைவிட, குழம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். பன்றிக் கொழுப்பு எவ்வளவு, பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த்தூள் காரமானதா இனிப்பானதா, கடைசியில் தெய்ஃபோல் என்ற புளித்த பாலேடு சேர்த்தார்களா இல்லையா. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஒயின் தானாகவே முடிவாகிவிடும்.

இங்கே ஒரு சராசரிக் குழம்பு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பன்றிக் கொழுப்பில் கண்ணாடிப் பதத்துக்கு வதக்குவார்கள். அப்புறம் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் பாப்ரிகாத் தூளைப் போடுவார்கள். அந்தத் தூளில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு. அடுப்பின் மேலேயே போட்டால் கருகிக் கசந்துவிடும். உடனே கொஞ்சம் தண்ணீர், பிறகு இறைச்சி, மெதுவான கொதி. செகெட், கலோச்சா இரண்டும் பாப்ரிகாவுக்குப் பேர்போன ஊர்கள். கடையில் எடெஷ்னெமெஷ் என்று எழுதிய பொட்டலம் காரமே இல்லாத, இனிப்பு வாசனைத் தூள். சீப்பேஷ் என்று எழுதியிருந்தால் காரம். நம்மூர் மிளகாய்த்தூளை நினைத்துக்கொண்டு முதல் வகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஒயின் பக்கம் வருவோம். கொழுப்பையும் பாலேட்டையும் வெட்டுவதற்குப் புளிப்பு வேண்டும். காரம் இருந்தால் ஆல்கஹால் அந்தக் காரத்தைக் கிளப்பிவிடும், அதனால் அங்கே லேசான ஒயின் நல்லது. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் காரத்தோடு சேர்ந்தால் நாக்கை வறட்டிவிடும். ஹங்கேரியின் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்குப் புளிப்பு தாராளம். அதுதான் இவற்றின் பலம், சில இடங்களில் பலவீனமும் அதுதான்.

முதலில் ஃபுர்மின்ட். இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது.

இதன் சொந்த மண்ணான டோக்காய் வட்டாரம் நாட்டின் வடகிழக்கு மூலையில், செம்ப்ளேன் மலையடிவாரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் எரிமலை மண். டோக்காய் ஊரை ஒட்டிய குன்றில் மட்டும் அதற்கு மேலே காற்று கொண்டுவந்து குவித்த லெஸ் என்ற மென்மண். இந்த வட்டாரத்தின் எல்லையை 1737இல் அரசாணை போட்டே வரையறுத்தார்கள். 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹங்கேரியின் தேசிய கீதத்திலேயே டோக்காய்த் திராட்சைக் கொடிக்கு ஒரு வரி உண்டு. இங்கே நட்டிருக்கும் கொடிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஃபுர்மின்ட்.

இவ்வளவு பழைய பெருமை முழுக்க இனிப்பு ஒயினால் வந்தது. அதே திராட்சையில் இனிப்பில்லாத ஒயின் எடுத்து அதைத் தரமான சரக்காக விற்பது புது விஷயம். சோஷலிச ஆட்சிக் காலத்தில் அரசு நிறுவனத்துக்கு அளவுதான் குறி, தனித் தோட்டத்தின் பெயருக்கு அங்கே மதிப்பில்லை. 1990க்குப் பிறகு தனியார் குடும்பங்களும் வெளிநாட்டு முதலீடும் வந்தபோது நிலைமை மாறியது. மாட் என்ற ஊரில் இஷ்த்வான் செப்ஷி 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஊராக்யா என்ற ஒரே தோட்டத்துத் திராட்சையிலிருந்து எடுத்த இனிப்பில்லாத ஃபுர்மின்ட்டைத்தான் பலரும் திருப்புமுனை என்பார்கள். இந்தத் திராட்சை மண்ணின் வேறுபாட்டை நன்றாகக் காட்டும் என்பது அதற்குப் பிறகுதான் வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது.

இளம் ஃபுர்மின்ட்டில் பச்சை ஆப்பிள், பேரிக்காய், எலுமிச்சைத் தோல் வாசனை வரும். வயதானால் தேனும் கொட்டைப் பருப்பும். புளிப்பு எப்போதும் முதுகெலும்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஃகுத் தொட்டியில் வைத்த ஃபுர்மின்ட் ஒரு ரகம், ஓக் மரப் பீப்பாயில் வைத்தது வேறு ரகம். முதலாவது கூர்மையானது, விலையும் மலிவு. இரண்டாவது கனமானது, வாயில் கொஞ்சம் வெண்ணெய்த் தன்மையோடு நிற்கும். புட்டியில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பல தோட்டத்துத் திராட்சையைக் கலந்து எடுத்த எளிய ஒயின். டூலோ, அதாவது தனித் தோட்டத்தின் பெயர் இருந்தால் விலை ஏறும், பீப்பாய் வாசனைக்கும் வாய்ப்பு அதிகம். சாப்பாட்டோடு குடிக்க ஊர்ப் பெயர்ப் புட்டியே போதும் என்பது என் கட்சி. தோட்டப் பெயர்ப் புட்டியை அவசரமில்லாத ஒரு மாலையில் தனியாகத் திறக்கலாம். பாப்ரிகாக் குழம்பின் முன்னால் அதன் நுணுக்கமெல்லாம் காணாமல் போய்விடும்.

கோழி பாப்ரிகாஷுக்கு இந்த எளிய ஃபுர்மின்ட்டைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. தட்டைப் பாருங்கள்: செம்மஞ்சள் நிறக் குழம்பு, ஓரத்தில் மெல்லிய எண்ணெய் வளையம், பக்கத்தில் நொகெட்லி. முட்டை சேர்த்த இளகிய மாவைத் துளைத் தட்டின் வழியே கொதிக்கும் தண்ணீரில் விழவைத்து எடுத்த சின்னச் சின்னத் துண்டுகள் அவை; ஒவ்வொன்றும் குழம்பைக் குடித்து ஊறிப்போயிருக்கும். மூன்று நான்கு கவளத்துக்குள் நாக்கின் மேல் பாலேடும் கொழுப்புமாக ஒரு படலம் படிந்துவிடும், ருசி மழுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு மடக்கு ஃபுர்மின்ட். கன்னத்தின் உட்புறத்தில் உமிழ்நீர் ஊறும், படலம் கழன்று போகும், குழம்பில் இருந்த பாப்ரிகாவின் இனிப்பு மறுபடி மேலே வரும். பாலேட்டின் புளிப்பும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று அடிக்குமோ என்று தோன்றலாம். அப்படி ஆவதில்லை. உண்மையில் புளிப்பு குறைந்த ஒயின்தான் இந்தக் குழம்பின் முன்னால் சப்பென்று விழும்.

இறைச்சி அடைத்த முட்டைக்கோஸும் இதே வழிதான். தெல்தெத் காபோஸ்தா என்பார்கள். உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் பன்றி இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, அதே புளித்த கோஸ் துருவலின் மேல் அடுக்கி, மணிக்கணக்கில் வேகவைப்பது. குளிர்காலச் சாப்பாடு, கிறிஸ்துமஸ் மேசையில் அநேகமாக இருக்கும். இதற்குப் பீப்பாயில் வைத்த கனமான ஃபுர்மின்ட் எடுக்கலாம், புகையூட்டிய இறைச்சியின் வாசனையோடு ஓக் வாசனை ஒத்துப்போகும்.

ஃபுர்மின்ட் எங்கே சறுக்கும்? காரமான மீன் சூப்பில். ஹலாஸ்லே என்ற அந்த ஆற்றுமீன் சூப் பெரும்பாலும் கெண்டை மீனில் செய்வது, நிறம் நம்மூர்க் குழம்பு போலவே சிவப்பு. பாலேடு சேர்க்க மாட்டார்கள், காரமும் கொஞ்சம் உண்டு, பக்கத்திலேயே காரப் பச்சைமிளகாயோ மிளகாய் விழுதோ வைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டால் 13 சதவீத ஆல்கஹாலும் கூர்மையான புளிப்பும் சேர்ந்து தொண்டையில் எரியும். செகெட் பாணியில் மீனை வேகவைத்து வடிகட்டிய அடர்ந்த சாறு. பாயா என்ற ஊரின் பாணியில் சூப்புக்குள்ளே மெல்லிய நூடுல்ஸ். பாயா பாணிக்கு ஃபுர்மின்ட் ஓரளவு தாங்கும், செகெட் பாணிக்குத் தாங்காது. தெற்கே செக்சார்ட் பக்கத்துக்காரர்கள் இதற்குக் கதார்க்கா என்ற லேசான சிவப்பு ஒயினைத்தான் ஊற்றுவார்கள். துவர்ப்பே அதிகமில்லாத ஒயின் அது. வெள்ளையை விட்டு வெளியே போகலாம் என்றால் அவர்கள் சொல்வதே சரி.

ஃபுர்மின்ட்டின் கூடப்பிறப்பு போல டோக்காயில் வளர்வது ஹார்ஷ்லெவெலூ. புளிப்பு கொஞ்சம் தணிவு, லிண்டன் பூவும் தேனும் கலந்த வாசனை. பல புட்டிகளில் இரண்டையும் கலந்துதான் அடைப்பார்கள். தனியாகக் கிடைத்தால் தெளிந்த கோழி சூப்புக்கும், வெண்ணெயில் வாட்டிய ஆற்றுமீனுக்கும் எடுங்கள். புளிப்பு ஒயின் வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்பவர்களுக்கு முதல் கிண்ணமாகவும் இது ஏற்றது.

இனி பாலாட்டோன் ஏரிப் பக்கம். ஒலாஸ்ரிஸ்லிங் என்ற பெயரைப் பார்த்து ஜெர்மனியின் ரீஸ்லிங் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டுக்கும் உறவில்லை. குரோவேஷியாவில் கிராஷேவினா என்றும் ஆஸ்திரியாவில் வெல்ஷ்ரீஸ்லிங் என்றும் அழைப்பது இதைத்தான். வாசனை அடக்கம், புளிப்பு மிதம், கடைசியில் கசப்புப் பாதாம் போல லேசாக ஒரு கசப்பு நிற்கும். ஏரியின் வடகரையில் பாடாச்சோன் பக்கம் அடியில் கருங்கல் போன்ற எரிமலைப் பாறை, ஒயின் கொஞ்சம் கனமாக வரும். கிழக்கே சோபாக் பக்கம் செம்மண்கல்லும் சுண்ணாம்பு கலந்த மண்ணும், அங்கே வருவது மெலிந்து நேராக நிற்கும்.

இந்த ஒயினுக்குப் பெரிய புகழெல்லாம் கிடையாது. ஆனால் தினசரி மேசைக்கு இதைவிட உபகாரமான வெள்ளை ஹங்கேரியில் இல்லை. மேலே சொன்ன ஹலாஸ்லே சூப்புக்கு, குறிப்பாகக் காரம் போட்டுக்கொள்பவர்களுக்கு, என் ஓட்டு சோபாக் பக்கத்து லேசான ஒலாஸ்ரிஸ்லிங்குக்குத்தான். நன்றாகக் குளிர்வித்து, 9 அல்லது 10 டிகிரியில். அந்தக் கடைசிக் கசப்பு ஆற்றுமீனின் மண்வாடையை மறைத்துவிடும்.

ஏரிக்கரையில் சாப்பிடும் மீனைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பட்டியலில் ஃபோகாஷ் என்று கம்பீரமாக இருக்கும், பாலாட்டோனின் பெருமைக்குரிய மீன், வெள்ளைச் சதை, முள் குறைவு. ஆனால் ஏரியில் வணிக ரீதியான வலைமீன்பிடிப்பு 2013 இறுதியோடு நின்றுவிட்டது, அதனால் தட்டில் வருவது வேறு நீர்நிலையிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ருசியில் குறையில்லை. இன்னொன்று ஹெக். கரையோரக் கடைகளில் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கும் பொரித்த மீன். இது கடல்மீன், உறைந்த நிலையில் இறக்குமதியாவது. கடலே இல்லாத நாட்டில் ஏரிக்கரையின் அடையாளமாகக் கடல்மீன் ஆகிவிட்டதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. காகிதத் தட்டில் ஹெக், ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, பக்கத்தில் குளிர்ந்த ஒலாஸ்ரிஸ்லிங். அங்கே ஃபுர்மின்ட் கேட்பது வீண் செலவு.

இந்த இடத்தில் ஃப்ரெச் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒயினில் சோடா கலப்பதைக் கேவலமாக நினைக்கும் நாடுகள் உண்டு, ஹங்கேரி அப்படியில்லை. கோடையில் பாதிப் பேர் இப்படித்தான் குடிப்பார்கள், ஒவ்வொரு விகிதத்துக்கும் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு டெசி ஒயினும் ஒரு டெசி சோடாவும் என்றால் கிஷ்ஃப்ரெச். இரண்டு ஒயினுக்கு ஒரு சோடா நாக்ஃப்ரெச். ஒன்றுக்கு இரண்டு சோடா என்றால் ஹொசூலேபேஷ், வெயிலில் நடந்து வந்தவருக்கு ஏற்றது. டெசி என்பது 100 மில்லி. லாங்கோஷ் என்ற எண்ணெயில் பொரித்த மாவுத் தட்டையின் மேல் பூண்டுத் தண்ணீர் தடவி, பாலேடும் துருவிய பாலாடைக்கட்டியும் குவித்துக் கொடுப்பார்கள். அதற்குப் புட்டி ஒயினைத் தேடாதீர்கள், ஒலாஸ்ரிஸ்லிங்கில் கலந்த ஹொசூலேபேஷ் வாங்குங்கள். வாகனம் ஓட்டுபவர் இதையும் தொடக் கூடாது. ஹங்கேரியில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு பூஜ்ஜியம்.

யுஹ்ஃபார்க் எல்லாருக்குமானது இல்லை. பாலாட்டோனுக்கு வடமேற்கே சமவெளியில் தனியாக நிற்கும் ஷோம்லோ என்ற அணைந்த எரிமலையில்தான் இதற்கு வாழ்வு. குலை நீண்டு உருண்டு செம்மறியாட்டின் வால் போல இருப்பதால் அந்தப் பெயர். கடுமையான புளிப்பு, உப்புக்கரிப்பு, தீக்கல் உரசியது போலப் புகை வாசனை, பழ வாசனை ரொம்பக் குறைவு. கல்யாண இரவில் இதைக் குடித்தால் ஆண் பிள்ளை பிறக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை இருந்தது, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தையும் அந்தக் கதையில் இழுத்துவிடுவார்கள். விற்பவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்வார்கள். வறுத்த வாத்து, தோல் மொறுமொறுப்பாக, அடியில் கொழுப்பு வழிய வரும்போது யுஹ்ஃபார்க் தன் வேலையைக் காட்டும். புகையூட்டிய பன்றித் தொடைக்கும் முற்றிய பாலாடைக்கட்டிக்கும் சரி. ஒயினுக்குப் புதியவர் மேசையில் இருந்தால் வாங்க வேண்டாம், முகத்தைச் சுளிப்பார். வாங்கினால் அறுவடை ஆண்டு பார்த்து மூன்று நான்கு வருடமாவது பழையதாக வாங்குங்கள்.

இர்ஷாய் ஒலிவேர் நேர் எதிர். பால் கோச்சிஷ் என்பவர் 1930இல் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. மஸ்கட் திராட்சை வாசனை கிண்ணத்தைத் தூக்கும்போதே வந்துவிடும், புளிப்பு குறைவு, ஆல்கஹாலும் குறைவு. சாப்பாட்டுக்கு முன்னால், பொகாச்சா என்ற சின்ன உப்பு ரொட்டியோடு, அந்த வருடத்துப் புட்டியாகப் பார்த்துக் குடித்துவிட வேண்டும். பாப்ரிகாக் குழம்போடு வைத்தால் இரண்டும் கெட்டுவிடும். வாசனைத் திரவியம் ஊற்றிய குழம்பு போல ஆகும். இதன் பிள்ளையான செர்செகி ஃபூசெரெஷுக்கும் இதே கதைதான்.

அடுத்து, ஹங்கேரி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் இனிப்பு டோக்காய். இதைத்தான் பெரும்பாலானோர் தவறான தட்டோடு குடிக்கிறார்கள்.

செய்முறை தெரிந்தால் காரணம் புரியும். போட்ரோக், டிசா என்ற இரண்டு ஆறுகள் டோக்காய் ஊரில் சேர்கின்றன. இலையுதிர் காலத்தில் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறும், பகலில் வெயில் காய்க்கும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலில் நுண்ணிய துளை போடும், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகும், பழம் கருத்துச் சுருங்கும். அந்தச் சுருங்கிய பழத்தின் பெயர் அசூ. குலையாக வெட்டாமல் ஒவ்வொரு பழமாகக் கையால் பொறுக்குவார்கள். பொறுக்கியதைப் புளிக்கும் சாற்றிலோ புது ஒயினிலோ ஊறவைத்துப் பிழிவார்கள். சர்க்கரை மட்டும் செறிவதில்லை, புளிப்பும் கூடவே செறியும். அதனால்தான் தேன் போல இனித்தும் திகட்டுவதில்லை.

புட்டியில் இருக்கும் 5 புத்தோன்யோஷ், 6 புத்தோன்யோஷ் என்பது பழைய கணக்கு. புத்தோன் என்பது பழம் சுமக்கும் முதுகுக் கூடை, சுமார் 25 கிலோ பிடிக்கும். 136 லிட்டர் கோன்சி பீப்பாய் ஒன்றுக்கு எத்தனை கூடை அசூப் பழம் போட்டார்கள் என்பதே எண். இப்போது ஆய்வகத்தில் சர்க்கரையை அளந்து முடிவு செய்கிறார்கள். 2013 அறுவடையிலிருந்து விதி இறுகியது: அசூ என்று பெயர் போட வேண்டுமானால் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை, குறைந்தது 18 மாதம் ஓக் பீப்பாய். 6 புத்தோன்யோஷுக்கு 150 கிராம். அதனால் 3, 4 என்று எண் போட்ட புட்டி கண்ணில் பட்டால் அது அதற்கு முந்தைய அறுவடை.

இவ்வளவு இனிப்பான ஒயினைச் சாப்பாட்டின் முடிவில் சாக்லேட் கேக்கோடு குடிப்பதுதான் பலரும் செய்வது. சாக்லேட்டின் கசப்பு அசூவின் ஆப்ரிகாட் வாசனையை முழுக்க மூடிவிடும், மிஞ்சுவது வெறும் சர்க்கரை. ஷோம்லோய் கலுஷ்கா என்ற பிரபலமான இனிப்பு, கேக்கும் வால்நட்டும் ரம்மும் சாக்லேட் குழம்பும் கிரீமும் சேர்ந்தது, அதற்கும் இதே பிரச்சினை. அதற்குக் காபி போதும். ஒயின் எப்போதும் இனிப்புப் பண்டத்தைவிட ஒரு படி கூடுதல் இனிப்பாக இருந்தால்தான் எடுபடும். ஆப்ரிகாட் அல்லது பாதாம் போட்ட, சர்க்கரை அடக்கமான பண்டம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

அசூவின் உண்மையான ஜோடி உப்பும் கொழுப்பும். ஹங்கேரியர்கள் காலங்காலமாக லிபமாய் என்ற பெருவாத்து (கூஸ்) ஈரலோடு இதைக் குடிக்கிறார்கள். குளிர்ந்த ஈரல் துண்டு, ஒரு வாட்டிய ரொட்டி, சின்னக் கிண்ணத்தில் அசூ. பறவைக்கு வலிந்து தீனி திணித்து எடுக்கும் ஈரல் என்பதால் பலருக்கு இதில் உடன்பாடில்லை, எனக்கும் மனது ஒப்பவில்லை. அதே வேலையை நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி இன்னும் நன்றாகச் செய்யும். கட்டியின் உப்பும் காட்டமும் நாக்கில் இருக்கும்போதே ஒரு சிறு மடக்கு ஒயின் விடுங்கள். உப்பு இனிப்பைக் கூர்மையாக்கும், இனிப்பு காட்டத்தை அடக்கும். ஒருவருக்கு அரை டெசி போதும், அதனால் அரை லிட்டர் புட்டி எட்டுப் பத்துப் பேருக்கு வரும். திறந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

அசூ விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கேஷேயி சூரெட் என்று எழுதியிருக்கும் தாமத அறுவடை ஒயினைப் பாருங்கள். பீப்பாய்க் காத்திருப்பு குறைவு, விலையும் குறைவு, பழ வாசனை புதுசாக இருக்கும். சமொரோத்னி என்பது இன்னொரு வழி: சுருங்கிய பழத்தைத் தனியாகப் பொறுக்காமல் குலையோடு பிழிந்தது. இனிப்பாகவும் வரும், இனிப்பில்லாமலும் வரும். இனிப்பில்லாத வகை ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் போல வால்நட் வாசனையோடு இருக்கும், சாப்பாட்டுக்கு முன் உப்புப் பாதாமோடு அருமை. தெரியாமல் வாங்கிவிட்டு இனிப்பே இல்லையே என்று குழம்புபவர்கள் உண்டு. ஆகவே எந்தப் புட்டியானாலும் நான்கு சொற்களைத் தேடுங்கள்: சாராஸ் என்றால் இனிப்பில்லாதது, ஃபேல்சாராஸ் லேசான இனிப்பு, ஃபேலேதெஷ் பாதி இனிப்பு, ஏதெஷ் முழு இனிப்பு.

சைவம் சாப்பிடுபவர்கள் புடாபெஸ்ட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காய்கறிக் குழம்பைக்கூடப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் பழக்கம் உண்டு. ஃபேசெலேக் என்ற காய்கறிக் குழம்பு நம்மூர்க் கூட்டுக்குப் பக்கத்தில் வரும். வெந்தயக்கீரை வாசனைக்குப் பதில் அவர்களுடைய டில் இலை. அதற்கு இர்ஷாய் ஒலிவேர்கூடப் பொருந்தும், இந்த ஒரு தட்டில்தான் அதற்கு எனக்குப் பரிந்துரை உண்டு. காளான் பாப்ரிகாஷ் பாலேடு சேர்த்தது, கோழிக்குச் சொன்ன ஃபுர்மின்ட்டே இதற்கும். டூரோஷ் சுசா என்பது நூடுல்ஸின் மேல் உதிர்ந்த பாலாடைக்கட்டியும் பாலேடும் போட்டது. மேலே வறுத்த பன்றித் துண்டு தூவித்தான் வரும், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பாலாடைக்கட்டிக்கு எஃகுத் தொட்டி ஃபுர்மின்ட், அதுவும் நன்றாகக் குளிர்ந்தது.

சரி, ஆரம்பத்தில் சொன்ன நான்கு பேர் மேசைக்கு வருவோம். நாலு தட்டில் மூன்றுக்கு ஃபுர்மின்ட் பொருந்துகிறது, மீன் சூப்புக்கு மட்டும் இடிக்கிறது. ஒரே புட்டி என்றால் ஊர்ப் பெயர் போட்ட, ஓக் வாசனையில்லாத, சாராஸ் ஃபுர்மின்ட்டை வாங்குங்கள். மீன் சூப்காரரைக் காரப் பச்சைமிளகாயைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அவருக்கு மட்டும் ஒரு டெசி ஒலாஸ்ரிஸ்லிங். நல்ல சாப்பாட்டுக் கடைகளில் டெசிக் கணக்கில் ஊற்றித் தருவது சாதாரணம், யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ஃபுர்மின்ட் 10 முதல் 12 டிகிரியில் வர வேண்டும். பனிக்கட்டி வாளியில் அமிழ்த்தி வைத்துவிட்டுப் போனால் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அதிகக் குளிரில் புளிப்பு மட்டும்தான் தெரியும். கிண்ணத்தை இடித்து வாழ்த்துச் சொல்லலாமா என்று தயங்குபவர்களுக்கு: தயக்கம் பீருக்குத்தான். 1849இல் ஹங்கேரியத் தளபதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றிய ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை இடித்துக் கொண்டாடினார்கள் என்ற கதையால் அந்தப் பழக்கம் வந்ததாகச் சொல்வார்கள். ஒயினுக்குத் தடையில்லை.

ஊருக்குப் புட்டி கொண்டுவர நினைப்பவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். இந்தியச் சுங்க விதி ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் அனுமதிக்கிறது. மிளகாயும் புளியும் தூக்கலான நம் வீட்டு மீன் குழம்போடு சாராஸ் ஃபுர்மின்ட்டைத் திறந்தால் புளிப்பின் மேல் புளிப்பாக, எரிச்சல்தான் மிஞ்சும். அதற்கு ஃபேலேதெஷ் ஹார்ஷ்லெவெலூ கேளுங்கள், காரத்தை அந்த மிதமான இனிப்பு தணிக்கும். வறுத்த மீன், மிளகு தூக்கலான வறுவல் என்றால் ஃபுர்மின்ட் தாங்கும். ஏலக்காய் போட்ட நம் பால் இனிப்புகள் அசூவைவிட இனிப்பானவை, அதோடு சேர்க்காமல் வறுத்த முந்திரியோடு தனியாகக் குடிப்பதே நல்லது. என்னைக் கேட்டால் பெட்டிக்குள் இரண்டு அரை லிட்டர் அசூ, ஒரு முக்கால் லிட்டர் ஹார்ஷ்லெவெலூ. மொத்தம் 1.75 லிட்டர். கைப்பையில் வேண்டாம், துணிக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்து அனுப்புங்கள்.